200 ரூபாய்க்கு நாலு பாட்டு!

ராக் கச்சேரி நடக்கும் இடத்தில், டி-ஷர்ட், ஸ்டிக்கர் விற்கும் மேஜையில் சில சமயம் ஒரு மெல்லிய சி.டி-யும் இருக்கும். அதில் நாலைந்து பாட்டுதான். அதற்குப் பெயர் இ.பி.

இது தாத்தா காலத்து இசைத்தட்டிலிருந்து வந்த பெயர். 7 இன்ச் தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. நம்ம சினிமா பாட்டும் அப்படி வந்ததுதான். முழு ஆல்பம் போடக் காசில்லாத புதுப் பசங்களுக்கு இன்றைக்கும் இ.பி-தான் முதல் படி. சென்னையின் 'தி எஃப் 16ஸ்' 2013-ல் வெளியிட்ட 'கெலைடோஸ்கோப்' ஓர் இ.பி-தான்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 'ஆர்க்டிக் மங்கீஸ்' பசங்கள், கச்சேரிக்கு வந்தவர்களுக்குத் தங்கள் பாட்டு சி.டி-யைச் சும்மாவே கொடுத்தார்கள். ரசிகர்கள் அதை இன்டர்நெட்டில் பரப்பினார்கள். 2006 ஜனவரியில் வந்த முதல் ஆல்பம், ஒரே வாரத்தில் பிரிட்டனில் 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. இரண்டு வருஷம் முன்பு சென்னையில் ஒரு சின்ன பேண்டிடம் 200 ரூபாய் கொடுத்து இ.பி வாங்கினேன். டிரம்ஸ் வாசித்த பையனே மீதி சில்லறையை எண்ணிக் கொடுத்தான். ஒலக்கூருக்கு எடுத்து வந்தால், வீட்டில் அதைப் போட ஒன்றுமே இல்லை. லேப்டாப்பில்கூட சி.டி டிரைவ் கிடையாது. மைக் செட் வைத்திருக்கும் பெரியப்பாவிடம் போனேன். பழைய டி.வி.டி பிளேயரைத் தூசி தட்டிப் போட்டார்.

"இன்னாடா இது, இவ்ளோ சத்தம்!" என்றவர், அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காசு அந்தப் பசங்க கைக்கே போச்சா?" என்று கேட்டார்.

"ஆமா பெரியப்பா."

"அப்ப சரி. கூத்துல ரூபா குத்தற மாதிரி."

எங்கள் பக்கம் தெருக்கூத்தில், விடிய விடிய ஆடுகிறவரின் சட்டையில் நோட்டைக் குத்துவார்கள். கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்வார்கள். கொடுத்த கையும் தெரியும், வாங்கிய கையும் தெரியும். மொபைல் ஆப்பில் ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால், பாடியவருக்கு ஒரு ரூபாய்கூடப் போவதில்லை. அதுவும் பல கை மாறித்தான் போகும். கிட்டார் கம்பிக்கும் ஒத்திகை வாடகைக்கும் அது எந்த மூலைக்கு?

சமீபத்தில் அந்த பேண்டை ஆப்பில் தேடினேன். பாட்டு எதுவும் இல்லை. இன்ஸ்டாவில் விசாரித்தபோது டிரம்ஸ் பையன் பதில் அனுப்பினான். பேண்ட் கலைந்துவிட்டதாம். பாட்டை ஆப்பில் ஏற்றித் தரும் நிறுவனத்துக்கு வருஷா வருஷம் சந்தா கட்ட வேண்டுமாம். கட்டவில்லை, எடுத்துவிட்டார்கள். அவன் இப்போது நைட் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறான். "உங்ககிட்ட அந்த சி.டி இருக்காண்ணா? எங்கிட்டகூட ஒண்ணு இல்ல" என்று கேட்டிருந்தான்.

பெரியப்பாவின் பிளேயர் இன்னும் ஓடுகிறது. நாலு பாட்டையும் பென் டிரைவில் ஏற்றி அவனுக்கு அனுப்பப் போகிறேன். சி.டி-யை மட்டும் தருவதாக இல்லை!