லாபர்வாஹி

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் விபத்து முதல் தகவல் அறிக்கைகளை வாசித்தவர்களுக்கு ஒரு வாய்பாடு மனப்பாடமாகியிருக்கும்: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து மோதியதில்’. தில்லியில் அதுவே ‘தேஜ் ரஃப்தாரி வ லாபர்வாஹி ஸே’. ‘லா’ அரபியின் எதிர்மறை. ‘பர்வா’ பாரசீகத்தில் அக்கறை. பழைய தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவும் இன்றைய நியாய சன்ஹிதையின் 281ஆம் பிரிவும் ‘முரட்டுத்தனமாக அல்லது கவனமின்றி’ என்றே சொல்கின்றன. காவலரின் கைக்கு வந்ததும் அந்த ‘அல்லது’ இரு மொழிகளிலும் உம்மையாகிவிடுகிறது. எல்லா விபத்துகளுக்கும் பொருந்துகிற வாசகம் எந்த விபத்தையும் விவரிப்பதில்லை.

இதை ஆராய்ச்சிக்காக நான் கவனிக்கத் தொடங்கவில்லை. சென்ற ஆண்டு, தெற்கு தில்லியில் வீட்டுவேலை செய்யும் விழுப்புரத்துப் பெண்மணி ஒருவருக்கு மொழிபெயர்க்கத் தீர்ப்பாயத்துக்குச் சென்றேன். சாலையைக் கடந்த கணவர்மீது சரக்கு டெம்போ மோதியது, அவர் பிழைக்கவில்லை. பத்தடி பின்னால் வந்த மனைவியே கண்கண்ட ஒரே சாட்சி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி, தவறு யாருடையது என்று கேளாமலே உயிரிழப்புக்கு 5 இலட்சம் ரூபாய் பெறலாம். இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தோர் ஆகியவற்றைக் கணக்கிட்டு முழு இழப்பீடு கோருவதற்கு 166ஆம் பிரிவு. அங்கே ஓட்டுநரின் கவனக்குறைவை நிறுவியாக வேண்டும். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

“வண்டி என்ன வேகத்தில் வந்தது?” என்றார் காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர்.

“கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு தம்பி” என்று என்னிடம் சொன்னார் அவர். இந்தியில் ‘பலக் ஜபக்தே ஹீ’ என அச்சாக அதே மரபுத்தொடர் உண்டு. வழக்கறிஞருக்கு அது போதவில்லை. எண் வேண்டும் என்றார். வேகமானியை ஒருநாளும் பார்த்திராதவரிடம் எண்!

பிறகு அவர், “அடிபட்டுட்டாரு” என்றார். ‘படு’ என்னும் துணைவினை, செய்தவனைச் சொல்லாமல் விட்டுவிட இடமளிக்கும். இந்தியின் ‘சோட் லக் கயீ’யும் அவ்வாறே. யார் அடித்தது என்பதைச் சாட்சி சொல்லவில்லையே என்று எதிர்த்தரப்பு குறித்துக்கொண்டது. கடக்கும் கோடில்லாத இடத்தில் கடந்தார், ஆகவே அவருக்கும் தவறில் பங்குண்டு, அந்த அளவுக்கு இழப்பீட்டைக் குறைக்க வேண்டும் என்பது அவர்களது அடுத்த வாதம்.

உண்மையில் சட்டம் இந்தக் கேள்விகளைவிட இரக்கமுள்ளது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கில் (1980), இரவில் பேருந்தொன்று தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் மோதியது. பாதிக்கப்பட்டவர்கள் 26 பேர். அவர்களுள் 8 பேர் அங்கேயே இறந்தனர். கடவுள் செயல் என்று குற்றவியல் நீதிமன்றம் ஓட்டுநரை விடுவித்தது. ஆயினும் இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கவனக்குறைவையே கண்டது. அதை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் உறுதிசெய்தார். 2009இல் இமாச்சல் சாலைப் போக்குவரத்துக் கழகத்துக்கு எதிரான வழக்கிலும், ஐயத்துக்கு இடமற்ற மெய்ப்பிப்பு தேவையில்லை, எது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்புண்டோ அதுவே அளவுகோல் என்று உச்சநீதிமன்றம் கூறியது.

தில்லியில் இன்னொரு வசதியும் உண்டு. விபத்து நிகழ்ந்த 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையும் 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையும் காவல்துறையே தீர்ப்பாயத்தில் அளிக்க வேண்டும். தில்லி உயர்நீதிமன்றம் 2009 முதல் வகுத்துவந்த இந்நடைமுறை 2022 ஏப்ரலில் நாடு முழுமைக்கும் விதியாயிற்று. அந்த அறிக்கையின் இட வரைபடத்தில், மோதல் நடந்த புள்ளி சாலையின் இடது ஓரத்தில் இருந்தது. அதாவது அவர் ஏறக்குறைய முழுச் சாலையையும் கடந்துவிட்டிருந்தார். வாகன ஆய்வறிக்கையிலும் நசுங்கல் இடப்பக்க முன்முனையில்தான். ஓட்டுநர் இன்றுவரை சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. ஏறாதவனுக்கு எதிராக ஊகித்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கு உரிமையுண்டு.

வெளியே வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “அவரு ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் தாண்டுனாருன்னு எழுதிக்கிட்டாங்களா தம்பி?”

சாட்சியப் பதிவு ஆங்கிலத்தில் இருந்தது. வேகத்தைத் தன்னால் சொல்ல இயலாது என்று ஒரு வரி. கணவர் இருபுறமும் பார்த்த பின்னரே கடந்தார் என்று அடுத்த வரி. இரண்டாவதை அவருக்கு இருமுறை தமிழில் படித்துக் காட்டினேன்.