ஒரு கனெக்டரும் இரண்டு ஸ்பார்க் பிளக்கும்

 கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறைமலை நகர் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவனுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரில் மரை போட்ட தண்டு நீட்டிக்கொண்டிருக்குமே, அதில் கேபிள்களை இணைக்கும் கனெக்டர் செய்கிறான். சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டாம். அப்படியே செருகி, பக்கவாட்டு ஸ்க்ரூவை முடுக்கினால் மரையோடு மரை கவ்விக்கொள்ளும். பிடி தளர்ந்தால் மின்தடை கூடும், சூடு ஏறும். நான் நடத்திய ஜூல் விதிதான். "இது எங்கள் காப்புரிமை, உற்பத்தியை நிறுத்து" என்கிறது நோட்டீஸ். அந்தப் பட்டறையை நம்பி ஒன்பது குடும்பம்.

"யாரையும் பார்த்து அடிக்கல சார், நானே யோசிச்சது" என்றான். நம்புகிறேன். பரீட்சை ஹாலில் அது போதும். காப்புரிமைச் சட்டத்தில் போதாது. தானாகவே யோசித்திருந்தாலும், காப்புரிமை வைத்திருப்பவர் தடுக்கலாம். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்.

அவனுக்கு நான் சொன்னது பஜாஜ் - டிவிஎஸ் வழக்கு. சின்ன எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் முறைக்கு பஜாஜ் 2002 ஜூலையில் விண்ணப்பித்துக் காப்புரிமை பெற்றது. 2007-ல் டிவிஎஸ் 125 சிசி 'ஃபிளேம்' பைக்கை அறிவித்தது. அதிலும் இரண்டு பிளக். ஆனால் மூன்று வால்வு. வழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்தில். 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். டிவிஎஸ் ஒற்றைப் பிளக்கோடு வண்டியை விற்றது! 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. அதே செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விற்கலாம், ஆனால் சரியான கணக்கு வைக்க வேண்டும் என்றது. விசாரணையைத் தினமும் நடத்தி நவம்பர் 30-க்குள் முடிக்கவும் சொன்னது. முடிந்ததா? 2019-ல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. பன்னிரண்டு வருடம். பெரிய கம்பெனிகள் தாங்கும். இவன் பன்னிரண்டு மாதம் தாங்குவானா?

ஆனால் நோட்டீஸ் வந்ததுமே பட்டறையைப் பூட்ட வேண்டியதில்லை. ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக 106-வது பிரிவில் நாமே வழக்குப் போடலாம். டிவிஎஸ்ஸும் அதைத்தான் முதலில் செய்தது. அவர்கள் விண்ணப்பித்த தேதிக்கு முன்பே இப்படியொரு கனெக்டர் இந்தியாவில் புழக்கத்தில் இருந்தாலோ, எங்காவது அச்சில் வந்திருந்தாலோ, காப்புரிமையையே ரத்து செய்யக் கேட்கலாம். ஆகவே மின் வாரியத்தில் வேலை பார்த்த மாணவர்களே, பழைய கேட்லாக், டிராயிங் எது இருந்தாலும் இன்பாக்ஸில் அனுப்புங்கள். தேதி தெளிவாகத் தெரிய வேண்டும். கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் பழக்கமுள்ள வக்கீல்கள் யாராவது இருந்தால் இன்றே கூப்பிடுங்கள்.

இன்னொன்று. சட்டத்தைப் புரட்டும்போது 47-வது பிரிவு கண்ணில் பட்டது. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகக் காப்புரிமை உள்ள பொருளைச் செய்தாலும் அது மீறல் ஆகாதாம். வாத்தியாரை மட்டும் விட்டுவிட்டார்கள்!