மயிலாப்பூருக்கு எத்தனை கட்டம்?

சின்னப் பிள்ளையைக் கேட்டால்கூட விரல் விட்டு எண்ணி ஆறு என்று சொல்லிவிடும். ம, யி, லா, ப், பூ, ர். ரூபி மொழியிடம் 'லெங்த்' கேட்டால் 11 என்கிறது! யூனிகோடில் துணையெழுத்துக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடு, அத்தனையையும் எண்ணிவிடுகிறது. (2007-இல் 1.9 வருவதற்கு முந்தைய ரூபி பைட்டுகளை எண்ணி 33 என்று சொல்லும். அதற்கு இது எவ்வளவோ தேவலை.)

வகுப்பில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து, சென்னைப் பகுதிகளின் பெயர்களை வைத்துக் குறுக்கெழுத்து ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். கட்டம் எண்ணுவதுதான் முதல் வேலை. மயிலாப்பூர்க்கார நண்பன் உடனே சொன்னான்: "லெங்த் மெத்தட் மேலயே ஒரு உறை போட்டுடலாம்டா."

ரூபியில் இது சுலபம். மொழியோடு வரும் ஸ்ட்ரிங் வகுப்பையே திறந்து, பழைய மெத்தடுக்கு வேறு பெயர் கொடுத்து ஒதுக்கிவிட்டு, அதே பெயரில் நம்முடையதை எழுதலாம். நடுவில் பழையதைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ரெயில்ஸ்காரர்கள் இதற்கென்றே 'அலையஸ் மெத்தட் செயின்' வைத்திருந்தார்கள். 2013-இல் ரூபி 2.0 'பிரிபெண்ட்' கொண்டுவந்த பிறகு அதற்கு வேலை குறைந்து, 2017-இல் ரெயில்ஸ் 5.1-இல் எடுத்தே விட்டார்கள். பைதான் கொஞ்சம் கறார். நாம் எழுதிய ஃபங்ஷனுக்கு டெகரேட்டரால் எத்தனை உறை வேண்டுமானாலும் போடலாம், 2004-இல் வந்த 2.4-இலிருந்தே. ஸ்ட்ரிங்கின் சொந்த மெத்தடில் கை வைத்தால் டைப் எரர்.

சரி, உறை போட்டாயிற்று, 6 வருகிறது என்றே வையுங்கள். அப்புறம்தான் வேடிக்கை. 'முதலிலிருந்து லெங்த் வரை வெட்டிக் கொடு' என்று ஏதோ ஒரு லைப்ரரிக்குள் எழுதியிருப்பார்கள். அது முதல் 6 குறியீடுகளை மட்டும் வெட்டி 'மயிலாப' என்று நீட்டும். அடையாறு (7 குறியீடு, 4 எழுத்து) 'அடைய' ஆகிவிடும். ஆற்றையே காணோம்! எரர் எதுவும் வராது, அதுதான் பயம். லைப்ரரி எழுதிய புண்ணியவானுக்கு நம் குறுக்கெழுத்து பற்றி என்ன தெரியும்?

உறை போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. தேடும் மெத்தடுக்கு நானேதான் போட்டேன். கோடம்பாக்கத்தின் 'கோ'வில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ரூபிக்கு வேறு வேறு. அதனால் தேட வரும் சொல்லை நார்மலைஸ் செய்து ஒரே வடிவமாக்கி உள்ளே அனுப்புகிறேன் (பட்டியலை முன்பே மாற்றியாயிற்று). கூப்பிடுகிறவர் கேட்டதுதான் கிடைக்கிறது, இப்போது தவறாமல் கிடைக்கிறது. லெங்த் விஷயத்தில் பதிலின் அர்த்தமே மாறுகிறதே, அதுதான் எனக்கு உதைக்கிறது.

அரை மணி நேரச் சண்டைக்குப் பின் 'எழுத்து எண்ணிக்கை' என்று புதுப் பெயரில் தனி மெத்தட் எழுதினோம். ரூபி 2.5-இலிருந்து இருக்கும் 'கிராஃபீம் கிளஸ்டர்ஸ்' உள்ளே வேலையைப் பார்த்துக்கொள்கிறது. மயிலாப்பூர் 6, அடையாறு 4, கோடம்பாக்கம் 7. ராயப்பேட்டை லக்ஷ்மிபுரத்துக்கு மட்டும், 'க்ஷ்'ஐ இரண்டாகப் பிரித்து 7 என்கிறது. எனக்கு 6 கட்டம்தான் நியாயமாகப் படுகிறது. "லட்சுமிபுரம்னு எழுதிட்டா 7 சரியா வருமேடா" என்கிறான் மயிலாப்பூர்க்காரன்.