அக்காவும் ஒரு எக்செல் ஷீட்டும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போன பதிவு. போன வாரம் ஊருக்குப் போய் அக்காவைப் பார்த்துட்டு வந்தப்புறம், இனிமேலும் தள்ளிப் போடக்கூடாதுன்னு உட்கார்ந்துட்டேன்.

அக்கான்னா பெரியம்மா பொண்ணு. வீடு திருச்சி புத்தூர்ல. அங்க பெரியாஸ்பத்திரிதான் அடையாளம். மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைன்னு முழுப்பேரையும் சொன்னா ஆட்டோக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார் :-). காலையில நால்ரோட்டுல நின்னா, நைட் டூட்டி முடிஞ்சு வர்ற சிஸ்டர்களும் டூட்டிக்குப் போற சிஸ்டர்களும் எதிரெதிரா கடந்து போறதைப் பார்க்கலாம். எங்க அக்காவும் 8 வருஷம் அந்தக் கூட்டத்துல ஒரு ஆள். வேலை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில.

ஒரு நாள் போன் பண்ணி, "தம்பி, உனக்கு எக்செல் தெரியுமாடா?"ன்னு கேட்டுச்சு. ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர்கிட்ட கேக்குற கேள்வியா இது! அப்பத்தான் விஷயம் வெளிய வந்துச்சு. 4 வருஷம் பி.எஸ்சி. நர்சிங் படிச்ச அக்கா, வேலை பார்த்துக்கிட்டே மருத்துவமனை நிர்வாகத்துல எம்.பி.ஏ. சேர்ந்திருக்கு. மாமாவைத் தவிர வீட்டுல யாருக்கும் தெரியாது. "பாஸ் பண்ணலைன்னா சிரிப்பாங்கடா."

ப்ராஜெக்ட் தலைப்பு டிஸ்சார்ஜ் தாமதம். காலை ரவுண்ட்ஸ்ல டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்"னு சொல்லிடறார். பேஷண்ட் படியிறங்க சாயங்காலம் ஆயிடுது. ஏன்? நான் உடனே ஒரு மென்பொருள் எழுதித் தர்றேன்னு ஆரம்பிச்சேன். அக்கா பேசாம ஒரு பழைய டைரியை நீட்டுச்சு. 30 பேஷண்டுக்கு டாக்டர் சொன்ன நேரம், சம்மரி டைப் ஆன நேரம், மிச்ச மருந்து பார்மசிக்குத் திரும்பின நேரம், பில் வந்த நேரம் எல்லாம் கையால எழுதி வச்சிருந்துச்சு. ஷீட்டுல ஏத்திப் பார்த்தா, நேரம் அதிகமா போனது மருந்து திரும்புற இடத்துல. ரிட்டர்ன் எடுத்துட்டுப் போற ஆள் மதியம் ஒரே தடவைதான் வார்டுக்கு வருவார். அது முடியாம பில் போட முடியாது. இதுக்கு மென்பொருள் வேண்டாம், அவர் காலையில இன்னொரு தடவை வந்தா போதும். எனக்குக் கொஞ்சம் வெக்கமாயிடுச்சு.

இதெல்லாம் நர்ஸுங்களுக்குப் புதுசு இல்ல. கிரிமியா போர்ல 1854-ல ஆஸ்பத்திரிக்குப் போன நைட்டிங்கேல் அம்மையார் காயம் கட்டினதோட நிக்கலை. துணி, சமையல், சாக்கடைன்னு எல்லாத்தையும் சரி பண்ணி, சாவுக் கணக்கைப் படம் போட்டுக் காட்டினாங்க. 1859-ல ஆஸ்பத்திரிகளைப் பத்தியே புத்தகம் போட்டாங்க. நம்ம வேலூர்ல ஐடா ஸ்கடர் 1909-லயே நர்சிங் பள்ளி ஆரம்பிச்சாங்க. அங்கயும் டெல்லியிலயும் 1946-ல பட்டப்படிப்பு வந்துச்சு. டெல்லியில 1959-ல முதுகலையும் வந்துச்சு.

ஆனா நாற்காலி வேற கதை. நம்ம அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில டீன், மருத்துவக் கண்காணிப்பாளர், ஆர்.எம்.ஓ. எல்லாரும் டாக்டர்கள். நர்ஸோட ஏணி தனி. செவிலியர் கண்காணிப்பாளர்னு நர்சிங்குக்குள்ளயே ஏறி அங்கயே முடிஞ்சிடும். எம்.எஸ்சி. நர்சிங் படிச்சா பெரும்பாலும் காலேஜ்ல பாடம் எடுக்கப் போகலாம். இங்கிலாந்துல 1983-ல சூப்பர் மார்க்கெட் நடத்தின கிரிஃபித்ஸ்ங்கறவர் கொடுத்த அறிக்கைக்கு அப்புறம், எந்தப் பின்னணியில இருந்து வந்தாலும் ஆஸ்பத்திரி மேனேஜர் ஆகலாம்னு ஆச்சு. இங்க தனியார்ல கொஞ்சம் கதவு திறந்தது என்.ஏ.பி.ஹெச். தரச்சான்று வந்தப்புறம். தொற்று வந்த கணக்கு, மருந்து தப்பாப் போன கணக்கு எல்லாம் எழுதி வைக்கணும். அதை வார்டு தெரிஞ்சவங்கதான் ஒழுங்கா எழுத முடியும்.

அக்கா பாஸ் பண்ணுச்சு. இன்டர்வியூ போன ஒரு இடத்துல, "நர்ஸா? வார்டுக்குன்னா நாளைக்கே சேர்த்துக்கறோம்"னாங்க. அதே வேலைக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒரு எம்.பி.ஏ. பையனை எடுத்தாங்க. அக்கா அழுததை நான் அன்னிக்குத்தான் முதல்முறையா பார்த்தேன். எங்க கம்பெனியில 4 வருஷம் கோடு அடிச்சவனை லீடுன்னு உட்கார வைப்பாங்க, எந்தப் பட்டமும் கேக்க மாட்டாங்க. நானே அப்படி உட்கார்ந்தவன்தான்.

இப்போ வேற ஒரு ஆஸ்பத்திரியில தரப்பிரிவுல இருக்கு. முதல் வருஷம் நைட் அலவன்ஸ் போனதால சம்பளம் குறைஞ்சுதான் போச்சு. இப்ப பரவால்ல. சந்தோஷமான்னு கேட்டேன். "சந்தோஷம்தான்டா. ஆனா யாரும் சிஸ்டர்னு கூப்பிடறதில்ல, மேடம்ங்கறாங்க. ரவுண்ட்ஸ் போறப்ப யாராவது சிஸ்டர்னா இன்னும் நான்தான் திரும்பிப் பார்க்கறேன்."

பேசிக்கிட்டே அடுத்த டைரியை எடுத்துச்சு. இந்தத் தடவை அவசரப் பிரிவுல பெட் கிடைக்கிற நேரமாம். "ஷீட் நானே போட்டுட்டேன், தப்பு இருந்தா மட்டும் சொல்லு"ன்னுச்சு.

தப்பு எதுவும் இல்ல மக்களே. உங்க வீட்லயும் ஒரு சிஸ்டர் படிக்கணும்னு சொன்னா, எக்செல் மட்டும் சொல்லிக் கொடுங்க. மிச்சம் அவங்களுக்குத் தெரியும்.