ஆயரும் அவரது சிற்பியும்

வில்னியுஸ் பேராலயத்தின் படத்தை முதன்முறை காணும் நாம், அதைக் கிரேக்கக் கோயில் என்றே எண்ணிவிடுகிறோம். முகப்பில் ஆறு பருத்த டோரிக் தூண்கள். மேலே முக்கோண முகடு. 1769இல் வீசிய புயலில் பழைய ஆலயத்தின் கோபுரம் சரிந்தது. 1783இல் மறுகட்டுமானத்தைத் தொடங்கியவர் லௌரினாஸ் குட்செவிச்சியுஸ் (1753–1798). மிகோனிஸ் என்னும் சிற்றூரில் பிறந்த குடியானவர் மகன். ரோமிலும் பாரிஸிலும் பயின்றவர். போலந்துக்காரர்களுக்கு அவர் குட்செவிச். அந்த உரிமைப் பூசலுக்குள் நாம் நுழையவேண்டியதில்லை.

நம்மை அலைக்கழிப்பது 1794ஆம் ஆண்டுதான். ஆலயப் பணியையும் வெர்கியாய் மாளிகைப் பணியையும் அவரிடம் ஒப்படைத்த புரவலர், ஆயர் இக்னாசி மசால்ஸ்கி. ரஷ்யாவுக்கு எதிராகக் கோஷ்ச்யூஷ்கோவின் எழுச்சி மூண்டபோது, குட்செவிச்சியுஸ் வரைகோலை வைத்துவிட்டு ஆயுதம் ஏந்தினார், காயமும் பட்டார். அதே எழுச்சியின்போது, ஜூன் 28 அன்று, ரஷ்யச் சார்பாளர் என்று அந்த ஆயரை வார்சாவில் மக்கள் கூட்டம் தூக்கிலிட்டது.

செய்தி வந்து சேர்ந்தபோது, அந்தத் தூண்களை அவர் எப்படிப் பார்த்திருப்பார்? நன்றிக்கடனும் நாட்டுப்பற்றும் இப்படி நேருக்கு நேர் மோதிய கலைஞர்கள் வரலாற்றில் அதிகம் பேர் இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

எழுச்சி தோற்றது, பேராசிரியர் பதவி பறிபோயிற்று. 1797இல் மீண்டும் கற்பிக்க வந்தவர், மறு ஆண்டு டிசம்பரில் 45 வயதில் மறைந்தார். ஆலயத்தை வேறு கைகள் முடித்தன. கூரைமீதிருந்த மூன்று புனிதர் சிலைகளையும் சோவியத் ஆட்சி 1950இல் இறக்கிற்று. பின்னர் ஆலயம் ஓவியக்கூடமாயிற்று. 1990களில் புதிய சிலைகள் கூரையேறின.