அர்ச்சுனன் எந்த ஹவுஸ்?

'ஹாமில்டன்' இசை நாடக நாயகன் தலையில், யார் எந்த ஹவுஸ் என்று பிரிக்கும் ஹாரி பாட்டர் தொப்பியை வைத்து, கிரிஃபிண்டாரா ஸ்லிதரினா என்று ஒரே சண்டை. நமக்கு எதற்கு அவ்வளவு தூரம்? நம்ம சித்தூர், புத்தூர் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து ஆடுகிறார்களே, அந்த அர்ச்சுனனை உட்கார வைப்போம்.

என் தீர்ப்பு ஸ்லிதரின், எப்படியாவது மேலே வரத் துடிப்பவர்களின் ஹவுஸ். அடிக்க வராதீர்கள். வில்லாளி, வீரன், எல்லாம் சரி. ஆனால் ஏகலைவன் தன்னை மிஞ்சிவிட்டான் என்று துரோணரிடம் போய் முறையிட்டது யார்? அவன் கட்டைவிரல் போன பிறகு யார் நிம்மதியானது?

கூத்தில் அர்ச்சுனன் தபசு நாளன்று பாருங்கள். பனைமரத்தை நட்டு, படி கட்டி வைத்திருப்பார்கள். வேஷக்காரர் பாடிப் பாடியே ஒவ்வொரு படியாக ஏறுவார். உச்சிப் பரணிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் விழும். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே ஈரப்புடவையோடு முந்தானை ஏந்தி நிற்பார்கள். ஐயாவுக்கோ குறி பாசுபதாஸ்திரம் மேல்தான். அதற்காக வேடனாக வந்த சிவனோடேயே மல்லுக்கட்டியவர்.

(கர்ணனா? யோசிக்கவே வேண்டாம், ஹஃபில்பஃப். அந்த விசுவாசத்துக்கு வேறு இடம் கிடையாது.)

சிக்கல் காளஹஸ்தியில்தான். அர்ச்சுனனே மறுபிறவியில் கண்ணப்பராகப் பிறந்தான் என்கிறது அந்த ஊர்க் கதை. அஸ்திரம் கேட்டு வாங்கிய அதே ஆள், அதே சிவனுக்கு ஒரு கண்ணைத் தோண்டி அப்பிவிட்டு, இடம் தெரிய வேண்டுமே என்று லிங்கத்தின் மேல் காலை ஊன்றி, அடுத்த கண்ணுக்கும் அம்பை எடுக்கிறார். இவரை எந்த ஹவுஸில் போடுவது? அந்தத் துணிச்சலுக்கு நான் கிரிஃபிண்டார் என்கிறேன். வீட்டில் ஹஃபில்பஃப் என்கிறார்கள். காளஹஸ்திக்காரர்கள் யாராவது வந்து பஞ்சாயத்து பண்ணுங்கள்.