ஆப்பத்துக்குப் பயந்தவள்

அன்புள்ள கயல்,

குட்டிப் பையன் பலூனைக் கண்டு அலறுகிற வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தாய். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உங்கப்பா மட்டும், “அத்தைக்கு வாரிசு வந்தாச்சு” என்று எழுதியிருந்தான். அந்தப் பரம்பரைக் கதையை என் வாயாலேயே கேட்டுக்கொள்.

எனக்குப் பயம் ஆப்பத்தின் மேல் இல்லை. நெருக்கமாக இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகள் மேல்தான். வெந்த ஆப்பத்தின் நடுவில் கண்கண்ணாக விரியுமே, அது. தேனடை. குளத்தில் இதழ் உதிர்ந்து நிற்கும் தாமரைக் காய். பார்த்த உடனே பிடரி சிலிர்க்கும், தோலுக்கடியில் ஏதோ ஊரும், வயிற்றைப் புரட்டும். ஓட்டை கடிக்காது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? உன் பாட்டி மட்டும் ஒன்றும் பேசாமல் ஆப்பத்தைக் கவிழ்த்துப் போட்டு, மேலே தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுப்பாள்.

எனக்கு மட்டுமே உள்ள கிறுக்கு இது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். 2013-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் கோல், ஆர்னால்ட் வில்கின்ஸ் என்ற இருவர் இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். 286 பேரிடம் தாமரைக் காய்ப் படத்தைக் காட்டியதில், ஆண்களில் 11 சதவீதமும் பெண்களில் 18 சதவீதமும் பார்க்கச் சகிக்கவில்லை என்றார்களாம். நீல வளைய ஆக்டோபஸ் மாதிரி விஷப் பிராணிகளின் மேல் இருக்கும் கோலமும் கண்ணுக்கு இதே வகையில் படுவதால், இது ஆதிகாலத்து எச்சரிக்கையாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். பின்னால் வந்த கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அம்மைக் கொப்புளம், ஒட்டுண்ணி இவற்றின் மேல் வரும் அருவருப்புதான் காரணம் என்றார்கள். எது சரியோ, நான் தனி ஆள் இல்லை என்பதே எனக்குப் போதும்.

சின்ன வயதில் உங்கப்பா குளவிக்கூட்டைப் பிய்த்து என் நோட்டுக்குள் வைத்துவிடுவான். “பாத்துப் பாத்துப் பழகினா சரியாப் போயிடும்” என்பான். வேடிக்கை என்னவென்றால், வைத்தியமும் ஏறக்குறைய அதுதான். 1924-லேயே அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி, முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற குழந்தையை இப்படித்தான் தேற்றினார். அவன் பிடித்த பண்டத்தைத் தின்னும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, அவன் தாங்கத் தாங்கக் கிட்டே நகர்த்தினார். கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான்.

அங்கே எவ்வளவு நகர்த்துவது என்பதைக் குழந்தையின் முகம் தீர்மானித்தது. எனக்கு உங்கப்பாவின் குறும்பு தீர்மானித்தது. சிரிப்பு அப்படி ஒன்றும் புண்படுத்தவில்லை. ஆனால் சிரிப்பார்களே என்று ஒளிக்கக் கற்றுக்கொண்டேன். கல்யாண வீட்டில் ஆப்பம் என்றால் பசியில்லை என்பேன். ஒதுங்கும்போதெல்லாம் அப்பாடா என்றிருக்கும். அந்த நிம்மதியைத் தின்றுதான் பயம் கொழுத்தது.

ஆகவே, ஊதாத பலூன் ஒன்றை அறையின் அந்தக் கோடியில் வை. கிட்டே கொண்டுவரலாமா என்று அவனையே கேள். வேண்டாம் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். வீடியோ எடுக்காதே. அடுத்த மாதம் உங்கப்பா அங்கே வரும்போது பலூன் பாக்கெட்டை அவன் கண்ணில் காட்டாதே.

அன்புடன்,
அத்தை